பழைய லாரி: பழுது பார்ப்பதில் பாதி 'பார்ப்பது'தான்

புக்கிட் மேரா வட்டாரத்தில் அரை மணி நேரம் நடந்தால் வாகன உலகின் இரண்டு முகங்களையும் பார்த்துவிடலாம். லெங் கீ சாலையில் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் புத்தம் புதிய கார்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து சற்று தள்ளி, அலெக்சாண்டிரா வில்லேஜ் பக்கம் புக்கிட் மேரா லேன் 3 வரை போனால், காட்சி வேறு. பட்டறைக் கதவுகள் அகலத் திறந்திருக்கின்றன. தரையில் எண்ணெய்க் கறை. கேபினை முன்னால் சாய்த்து, எஞ்சினை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும் பழைய லாரிகள். ஒரு பக்கம் வாகனம் பிறக்கிறது. மறு பக்கம் அதன் ஆயுள் நீட்டப்படுகிறது.

அந்த இரண்டாவது பக்கத்தில் நிற்கும் லாரிகளில் பல சிறு குத்தகையாளர்களுடையவை. குளிர்சாதனம் பொருத்துபவர், மரச்சாமான் ஏற்றுபவர், காய்கறி கொண்டுசெல்பவர், வீட்டுப் புதுப்பிப்பு வேலை எடுப்பவர் எனப் பலருடையவை. லாரி ஒரு நாள் நின்றால் அன்றைய வேலையும் நிற்கும். அதனால்தான் இவர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: பழைய லாரியைச் சொந்தக்காரரே பராமரித்துப் பழுது பார்க்கலாமா? எதுவரை பார்க்கலாம்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

ஏன் பழையதையே வைத்திருக்கிறார்கள்?

சிங்கப்பூரில் வாகனத்தின் வயது அதன் எஞ்சினை மட்டும் பொறுத்ததல்ல. 1990 மே மாதம் நடப்புக்கு வந்த வாகன ஒதுக்கீட்டு முறையின்படி, ஒவ்வொரு வாகனத்துக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் தேவை. அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வாகனத்தைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். அல்லது அப்போதைய சராசரிக் கட்டணத்தைச் செலுத்தி, சான்றிதழை 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு வாகனத்துக்குச் சட்டம் தரும் மொத்த ஆயுள் 20 ஆண்டுகள்.

சரக்கு வாகனங்களுக்கும் பேருந்துகளுக்குமான 'சி' பிரிவில் சான்றிதழ்க் கட்டணம் 2023-ஆம் ஆண்டில் 80,000 வெள்ளியைத் தாண்டியது. புது லாரி வாங்குபவர் வண்டியின் விலையோடு இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிறு தொழில் செய்பவர் தயங்குவதில் வியப்பில்லை. ஓடுகிற லாரியைப் புதுப்பித்து ஓட்டுவோம் என்று முடிவெடுக்கிறார்.

ஆனால் புதுப்பிப்பது சான்றிதழை மட்டும்தான். ரப்பர் குழாயும், பிரேக் லைனிங்கும், வயரிங்கும் தங்கள் வயதைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. இதை விதிகளும் உணர்ந்திருக்கின்றன. 10 ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வாகனம் ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும். 10 ஆண்டைக் கடந்துவிட்டால் 6 மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சோதனைக்கு முந்திய வாரம் மட்டும் லாரியைக் கவனிப்பது. சோதனை என்பது அந்த ஒரு நாளில் லாரி எப்படி இருந்தது என்பதற்கான சான்று. மற்ற நாள்களுக்கு யார் சான்று கொடுப்பது?

இரண்டு கட்சிகள்

இந்தப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள் பிறந்துவிடும். முதல் கட்சி சொல்வது இது: "பழைய டீசல் எஞ்சினில் கணினி கிடையாது. நாலு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் இருந்தால் போதும். பட்டறைக்குக் கொடுக்கும் காசு மிச்சம். நம் வண்டியை நம்மைவிட நன்றாக யார் அறிவார்?"

இரண்டாவது கட்சி இப்படிப் பதில் சொல்லும்: "லாரி என்பது சைக்கிள் அல்ல. அதன் பிரேக் பிடிக்காவிட்டால் அடுத்தவர் உயிர் போகும். தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலையைத் தெரிந்தவரிடமே விட்டுவிட வேண்டும்."

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் சொல்லாமல் விடுவதும் ஒன்று இருக்கிறது. தமிழில் ரிப்பேருக்கு நாம் சொல்லும் சொல் 'பழுது பார்ப்பது'. 'பழுது கழற்றுவது' என்று யாரும் சொல்வதில்லை. முதல் வேலை பார்ப்பதுதான். அதற்குப் பிறகுதான் கழற்றுவதும் மாட்டுவதும். பார்க்கும் வேலையைச் சொந்தக்காரரோ ஓட்டுநரோ மட்டும்தான் நாள்தோறும் செய்ய முடியும், பட்டறைக்காரரால் முடியாது. கழற்றும் வேலையில்தான் எல்லை பிரித்துக்கொள்ள வேண்டும்.

தமிழர்களுக்குப் பழக்கமான பள்ளிக்கூடம்

இந்தப் பார்க்கும் கல்வி நம்மவர்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்கள் லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. அங்கே ஒருவர் ஓட்டுநர் ஆவதற்கு முன் பெரும்பாலும் கிளீனராக இருந்திருப்பார். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி, ஓர் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்ப்பது கிளீனரின் வேலை. காற்று நிறைந்த டயர் 'டங்' என்று எதிரொலிக்கும். இறங்கிப்போன டயர் மந்தமாக ஒலிக்கும். பின்பக்கம் ஜோடியாக இருக்கும் டயர்களில் உள்பக்கத்து டயர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே காது உதவுகிறது. அளவுமானி தரும் துல்லியத்தை இது தராது. ஆனாலும் ஆபத்தை முன்கூட்டி உணர்த்திவிடும்.

இலங்கையின் வடபகுதி கற்றுக்கொடுத்த பாடம் இன்னும் கடுமையானது. போர்க்காலத்தில், 1990-களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் பேட்டரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாக இருந்தன. பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் வராது என்ற நிலையில், இருப்பதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழியாக இருந்தது. அது வேறு வழியில்லாத மக்கள் செய்த வேலை. இன்று யாரும் பின்பற்ற வேண்டிய முறையல்ல. ஆனாலும், கவனிப்பவர் இருக்கும்வரை இயந்திரம் எளிதில் சாவதில்லை என்பதற்கு அது சாட்சி.

சிங்கப்பூரின் நிலைமை இதற்கு நேர்மாறு. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் பகுதியிலேயே உதிரிப்பாகக் கடைகள் உள்ளன. பொருள் கிடைக்கும், பட்டறையும் அருகில் இருக்கும். குறைவாக இருப்பது நேரம்தான்.

காலையில் பத்து நிமிடம்

அந்த நேரமும் அதிகம் தேவையில்லை. சாவியைத் திருப்புவதற்கு முன் பத்து நிமிடம் போதும். ஓர் ஒழுங்கில் பார்த்தால் எதுவும் விட்டுப்போகாது.

முதலில் லாரிக்கு அடியில் தரையைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டி தன் நோயைத் தரையில் எழுதி வைத்திருக்கும். கறுப்பு அல்லது பழுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் ரேடியேட்டரின் குளிர்விப்பு நீர். சிவந்த எண்ணெய் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங்கில் இருந்து வருவது. டீசலை மணமே காட்டிக்கொடுத்துவிடும். சக்கரத்தின் உள்பக்கத்தில் வெளிர் நிறத்தில் வழுவழுப்பான ஈரம் தெரிந்தால், அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியானால் அன்று லாரி நகரக் கூடாது. குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் வெறும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்து எஞ்சின் ஆயில். லாரி சமதளத்தில் நிற்க வேண்டும். அளவுக் கோலை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் சரி. டீசல் எஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு இரண்டு. ஆயில் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ பழுதாகியிருக்கலாம். ஆயில் ஊற்றாமலேயே அளவு ஏறி, டீசல் மணமும் அடித்தால் எரிபொருள் உள்ளே கசிகிறது. இரண்டிலும் எஞ்சினை ஓட்டக் கூடாது. ஓட்டினால் சிறு செலவில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே இறக்க வேண்டிய வேலையாகிவிடும்.

மூன்றாவது தண்ணீர். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. அந்த மூடி வெறும் மூடியல்ல. அதிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஒரு 'பார்' அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 பாகைக்குப் பதில் சுமார் 120 பாகையில்தான் கொதிக்கும். மூடியைத் திருகிய மறுகணம் அழுத்தம் விழும். நீர் கொதித்து முகத்தில் அடிக்கும். "இங்கே பனி பெய்வதில்லை, குழாய்த் தண்ணீர் போதும்" என்று நினைப்பவர்களும் உண்டு. குளிர்விப்பு திரவம் உறைவதைத் தடுக்க மட்டும் உள்ளதல்ல. துருவையும் லைனர் அரிப்பையும் தடுப்பதும் அதுதான். வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டினால் துரு சேர்ந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

நான்காவது பெல்ட். இரண்டு கப்பிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் தளர்ந்துவிட்டது. விளிம்பில் பிசிறும் அடியில் வெடிப்பும் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இதை எஞ்சின் நின்றிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு சுற்று. விளக்குகள், டயர்கள், சக்கர நட்டுகள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது சட்டப்படியே செல்லாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளம் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். ஜோடி டயர்களுக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் குனிந்து பார்க்க வேண்டும். நட்டின் அடியிலிருந்து துரு கோடாக வழிந்திருந்தால், அந்த நட்டு தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம்.

புகை சொல்லும் சேதி

எஞ்சினைக் கிளப்பியதும் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். கரும்புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்ட்டர் அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம், சுமை மிகுந்திருக்கலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. வெண்புகை காலையில் சிறிது வந்து மறைந்தால் பரவாயில்லை. சூடேறிய பிறகும் நின்று வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

புகை பிறர் நுரையீரலுக்கும் போகிறது. பழைய டீசல் வாகனங்களைக் காலத்துக்கு முன்பே மாற்றுவோருக்குச் சலுகை தரும் திட்டத்தை அரசாங்கம் 2013-இல் தொடங்கியதற்குக் காரணமும் இதுதான். பழைய லாரியை வைத்திருப்பவருக்குப் புகையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு கூடுதலாகவே இருக்கிறது. லாரியை நிறுத்திவிட்டு எஞ்சினை நெடுநேரம் ஓடவிடுவது இங்கே குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது.

தாராளமாகக் கை வைக்கலாம்

பார்த்தாயிற்று. எதைச் சொந்தக் கையால் செய்யலாம்? தவறு நேர்ந்தால் லாரி நின்றுபோகும், ஆனால் யாரையும் மோதாது என்ற வேலைகளைச் செய்யலாம். இதுவே எளிய அளவுகோல்.

ஏர் ஃபில்ட்டரை மாற்றுவது, ஆயிலும் ஆயில் ஃபில்ட்டரும் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது, பல்பு, ஃபியூஸ், வைப்பர் மாற்றுவது ஆகியவை இந்த வகை. கிரீஸ் வைப்பதும் அப்படியே. கிங் பின், ஸ்பிரிங் பட்டைகளின் இணைப்பு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முட்டுகள் ஆகிய இடங்களில் சிறு கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும். நிப்பிளைத் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் கன்னால் அழுத்த வேண்டும். துடைக்காமல் அழுத்தினால் மேலிருக்கும் மண்ணும் உள்ளே போய்விடும். கிரீஸ் காணாத கிங் பின் மெல்ல மெல்லத் தேய்ந்து, ஸ்டீயரிங்கை ஆட்டம் காணச் செய்யும்.

பேட்டரியையும் கவனிக்கலாம். பல லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். முழுதாக மின்னேறிய பேட்டரி, வண்டி நிற்கும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று இறங்கியிருந்தால், நல்லதும் சீக்கிரம் கெடும். இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொருக்கை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவலாம். கழற்றும்போது வண்டியின் உடலோடு இணைந்த மைனஸ் கம்பியை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இந்த வரிசை தவறினால் ஸ்பேனர் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பழைய லாரி ஓட்டுபவர் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டிய கலை ஒன்று உண்டு. அது 'ஏர் எடுப்பது'. டீசல் தீர்ந்துபோனாலோ, டீசல் ஃபில்ட்டரை மாற்றினாலோ குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று சுருங்கும், டீசல் சுருங்காது. பம்ப் எவ்வளவு அடித்தாலும் நாசிலுக்கு அழுத்தம் போய்ச் சேராது. செல்ஃப் மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பேட்டரியைத் தீர்ப்பதுதான் மிச்சம். ஃபில்ட்டர் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்த வேண்டும். முதலில் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும், அழுத்தத்தை விடாமல் திருகை இறுக்கிவிட வேண்டும். ஃபில்ட்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுவதும் அவசியம். வெளியே வருவதை ஒரு பாத்திரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இது பழைய பம்ப் எஞ்சினுக்கான முறை. இப்போது பத்துப் பன்னிரண்டு வயதாகும் லாரிகளில் பெரும்பாலானவை 'காமன் ரெயில்' எஞ்சின் கொண்டவை. கார் டயரில் இரண்டரை பார் அழுத்தம் இருக்கும். காமன் ரெயில் குழாயில் அது 1,600 பாரையும் தாண்டக்கூடும். அந்தக் குழாயை எஞ்சின் ஓடும்போது தளர்த்தினால், ஊசிபோல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை கெடும். அது அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். பழைய எஞ்சினின் நாசில் குழாயும் பாதுகாப்பானது அல்ல. அங்கேயும் 200 பார் அளவுக்கு அழுத்தம் உண்டு. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

பிரேக், ஸ்டீயரிங், காமன் ரெயில் எரிபொருள் அமைப்பு. இந்த மூன்றையும் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். இவற்றில் தவறு நேர்ந்தால் தண்டனை அனுபவிப்பவர் தவறு செய்தவராக இருக்கமாட்டார்.

ஆனால் பிரேக்கைப் பழுது பார்க்கக் கூடாது என்பதற்கு, பிரேக்கைக் கவனிக்கக் கூடாது என்று பொருளல்ல. வெற்றிடத் துணையோடு இயங்கும் பிரேக் கொண்ட சிறிய லாரிகளில் யாரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதிக்க வேண்டும். அது கெட்டியாகும். பிறகு அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்பினால், பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் துணை அமைப்பு வேலை செய்யவில்லை. எஞ்சின் ஓடும்போது அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால், எங்கோ கசிவு இருக்கிறது. மிதித்தால் பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. இவற்றில் எது தென்பட்டாலும் லாரியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. இழுத்துச் செல்லத்தான் வேண்டும். முழுக் காற்றழுத்த பிரேக் உள்ள பெரிய லாரிகளில், காற்றுக் கலனில் தேங்கும் தண்ணீரை முறையாக வெளியேற்ற வேண்டும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. 'டாட் 3' வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும். நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால், அதற்கான வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி சுருங்கும், பெடல் தரையைத் தொடும், லாரி நிற்காது. சுமையோடு மவுண்ட் ஃபேபர் சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் பழைய லாரியை நினைத்துப் பார்த்தால், ஈரமான இந்த ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் எண்ணெயை மாற்றச் சொல்வது ஏன் என்று புரியும்.

லாரிக்கு அடியில் படுப்பதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கெட்டியான தரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேஸிஸை இரும்புத் தாங்கியில் இறக்கிய பிறகே குனிய வேண்டும். சாய்த்த கேபினின் பூட்டுக் கம்பி விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் தலையை நீட்டக் கூடாது.

சக்கரம் மாற்றுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பழைய ஜப்பானிய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமிருந்து திருகும் மறை கொண்டவை. போல்ட்டில் 'எல்', 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். அது தெரியாமல் நீளமான கம்பி போட்டு அழுத்தினால் போல்ட் முறியும். சக்கரம் மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடியும் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

சுமையும் குறிப்பேடும்

நல்ல லாரியையும் கெடுப்பது அதிகச் சுமை. மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது அரசருக்கு மட்டுமல்ல. சிங்கப்பூரில் சரக்கு வாகனத்தின் பக்கவாட்டில் அதன் வெற்று எடையும், சுமையோடு சேர்த்து இருக்கக்கூடிய உச்ச எடையும் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் சோதனை அதிகாரிக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஸ்பிரிங் பட்டை, டயர், பிரேக் மூன்றும் எவ்வளவு தாங்கும் என்பதன் கணக்கு அது. வேகமும் அப்படித்தான். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியை நிறுத்துவதைவிட 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியை நிறுத்த பிரேக் நான்கு மடங்கு ஆற்றலை விழுங்க வேண்டும். இரண்டு மடங்கு அல்ல.

இத்தனைக்கும் துணையாக ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய ஆயில், மாற்றிய பாகம், கேட்ட புதுச் சத்தம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். மாதம் அரை லிட்டர் ஆயில் குடித்த எஞ்சின் ஒன்றரை லிட்டர் குடிக்கத் தொடங்கினால், நினைவு அதைக் காட்டாது. நோட்டுப் புத்தகம் காட்டும். பட்டறைக்குப் போகும்போதும், "என்னமோ சத்தம் வருது" என்பதற்குப் பதில், "மூன்று வாரமாக, இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்" என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்லத் தெரிந்தவரின் கட்டணச் சீட்டில் தேவையில்லாத வேலைகள் ஏறுவது குறைவு.

எங்கே செய்வது?

வீவக கார் நிறுத்துமிடம் பட்டறை அல்ல. பார்ப்பதற்குத் தடையில்லை, அங்கே வண்டியைப் பிரித்துப்போடுவதும் ஆயில் இறக்குவதும் விதிக்கு மாறானவை. ஆகவே கை வைக்கும் வேலைகளுக்குத் தொழில் இடத்தையோ, தெரிந்த பட்டறையின் ஒரு மூலையையோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பழகிய பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க, சொந்தக்காரர் தன் கையால் செய்து பழகுவதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இறக்கிய பழைய ஆயில் நச்சுக் கழிவாகக் கருதப்படுகிறது. அதை மூடியுள்ள கலனில் பிடித்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் அது எங்கே போகும்? புக்கிட் மேராவின் ஓரமாக ஓடும் அலெக்சாண்டிரா கால்வாய் சிங்கப்பூர் ஆற்றில் சேர்கிறது. 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டுக்குப் பிறகு அந்த ஆறு குடிநீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி. கால்வாயில் விட்டது குழாய் வழியே வீட்டுக்கே திரும்பி வரும் ஊர் இது.

பின்னால் இருப்பவர்கள்

சிங்கப்பூரில் லாரி சுமப்பது சரக்கை மட்டுமல்ல. அதிகாலையில் விடுதியிலிருந்து வேலையிடத்துக்கும், இரவில் வேலையிடத்திலிருந்து விடுதிக்கும் ஊழியர்கள் லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து போகிறார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. அந்த லாரியின் டயர் எத்தனை வயது என்று அவர்களுக்குத் தெரியாது. பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கும் இடத்திலும் அவர்கள் இல்லை. ஓட்டுநர் பார்த்திருப்பார், முதலாளி பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அசதியில் கண்ணயர்கிறார்கள்.

அதனால்தான் 'நானே செய்வேன்', 'பட்டறையில் விடுவேன்' என்ற இரண்டு கட்சிகளுக்கும் தீர்ப்பு ஒன்றே. காலையில் பார்ப்பது சொந்தக்காரரும் ஓட்டுநரும் யாரிடமும் ஒப்படைக்க முடியாத கடமை. எளிய வேலைகளைச் சொந்தக் கையால் செய்வது நல்ல பழக்கம். காசும் மிச்சம், அறிவும் வளரும். பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பயிற்சி பெற்றவரிடம் கொடுப்பது தோல்வியல்ல. அவற்றில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் சொந்தக்காரராக இருந்தால், பழுது பார்ப்பதில் பாதியை அவரே செய்து முடித்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.